அமெரிக்க வீடுகளும் அறைப்பெயர்களும்

வீடு கட்டுவோன் சுவரையும் கூரையையும் அமைக்கின்றான். அதிற் குடியிருப்போர் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் இடுகின்றனர். சுவரும் கூரையும் காலத்தால் அழிகின்றன. பெயரோ பல வேளைகளில் வீட்டைக் காட்டிலும் நெடுநாள் வாழ்கின்றது. ஒரு நாட்டு மக்கள் எங்கிருந்து வந்தனர், எத்தகைய குளிரையும் வெயிலையும் தாங்கினர், விருந்தினரை எவ்விடத்தில் இருத்தினர், ஏவலாளரை எவ்விடத்தில் நிறுத்தினர் என்பனவற்றை அறிய விரும்புவோன் அம்மக்கள் தம் வீட்டு அறைகளுக்கு இட்ட பெயர்களை ஆராய்தல் வேண்டும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்கா ஒரே மொழி வழங்கும் பெருநாடு என்பது பலரின் எண்ணம். திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் தோன்றும் அந்நாட்டு வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போலக் காணப்படுகின்றன. ஆயின், வீட்டின் முன்புறத்தே கூரையிட்டுக் காற்று வாங்குதற்கென விடப்பட்ட இடத்தைச் சுட்டி, இதன் பெயர் யாது என வினவினால் விடைகள் வேறுபடும். நாட்டின் பெரும்பகுதியினர் அதனைப் 'போர்ச்' என்பர். தென் கரோலைனா மாநிலத்துச் சார்ள்ஸ்ரன் நகரத்தார் 'பியாஸா' என்பர். லூசியானா மாநிலத்தார் 'கலரி' என்பர். நியூ மெக்சிக்கோவில் அது 'போர்த்தால்' எனப்படும். ஹவாய்த் தீவுகளில் 'லனாய்' எனப்படும். இவற்றுள் எது சரியான சொல், எது பிழையான சொல் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

இவ்வினா அமெரிக்கருக்குப் புதியதன்று. 1783ஆம் ஆண்டில் நோவா வெப்ஸ்ரர் என்பவர் தம் புகழ்பெற்ற எழுத்துக்கூட்டற் பாடநூலை வெளியிட்டார். புதிய குடியரசு ஒன்றுபட்டு வாழவேண்டுமாயின் அதன் மக்கள் யாவரும் ஒரே வகையாகப் பேசவும் எழுதவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரதேச வழக்குகள் பள்ளிக்கூடத்தின் வாயிலாக மறைந்து போதல் வேண்டும் என அவர் விரும்பினார். எழுத்துக்கூட்டல் வகையில் அவர் எண்ணம் பெருமளவு நிறைவேறியது. வீட்டுச் சொற்கள் வகையில் அது நிறைவேறவில்லை. காரணம் வெளிப்படை. குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே தான் தவழ்ந்த தரைக்கும் தாய் சமைக்கும் இடத்துக்கும் பெயர் கற்றுக்கொள்கின்றது. ஆசிரியர் வேறொரு சொல்லைக் கற்பித்தாலும் முந்திய சொல் வீட்டுக்குள் நிலைத்திருக்கின்றது.

அவ்வாறு நிலைத்திருந்த சொற்களை முறைப்படி திரட்டும் முயற்சி 1931ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹான்ஸ் குராத் என்னும் மொழியியற் பேராசிரியர். இவர்தம் குழுவினர் 1933ஆம் ஆண்டுவரை 213 ஊர்களுக்குச் சென்று 416 பேரைக் கண்டு உரையாடினர். சொல்லைத் தாமே கூறி, இஃது உங்களிடம் உண்டா எனக் கேட்பதை அவர்கள் இயன்றவரை தவிர்த்தனர். பொருளை விளக்கி, விருந்தினர்க்கென ஒதுக்கிய அறையை உங்கள் வீட்டில் எவ்வாறு அழைப்பீர்கள் என்ற பாங்கில் வினவினர். கிடைத்த விடைகளைப் படங்களில் ஊர்வாரியாகக் குறித்தனர். அப்படத்தொகுதி 1939 முதல் 1943 வரை வெளிவந்தது. குராத் 1949ஆம் ஆண்டில் கிழக்கு மாநிலங்கள் அனைத்துக்குமான சொற்புவியியல் நூல் ஒன்றையும் வெளியிட்டார். அமெரிக்க வழக்கு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிவது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். பென்சில்வேனியாவிலிருந்து அப்பலாச்சிய மலைத்தொடர் வழியாகத் தெற்கே இறங்கும் இடைநாடு ஒன்று தனக்கென வேறு வழக்குகளை உடையது என்பதை அந்நூல் காட்டியது.

நாடு முழுவதையும் தழுவிய ஆராய்ச்சி பின்னர் நிகழ்ந்தது. யமேக்காத் தீவிற் பிறந்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த பிரெடெரிக் கசிடி என்பவர் அமெரிக்கப் பிரதேச ஆங்கில அகராதியைத் தொடங்கினார். 1965 முதல் 1970 வரை அவருடைய களப்பணியாளர்கள் 'சொல் வண்டிகள்' எனப் பெயரிடப்பட்ட ஊர்திகளில் 1,002 ஊர்களுக்குச் சென்றனர். அங்கே 2,777 பேரிடம் 1,600க்கு மேற்பட்ட வினாக்கள் அடங்கிய பட்டியலைக் கொண்டு விடை திரட்டினர். அவர்கள் நாடிச் சென்றோரிற் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். முதியோர் மறைந்தால் சொல்லும் மறையும் என்னும் அச்சமே இதற்குக் காரணமாகும். அகராதியின் முதற்றொகுதி 1985ஆம் ஆண்டிலும் நெடுங்கணக்கை நிறைவு செய்யும் ஐந்தாந் தொகுதி 2012ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. கசிடி 2000ஆம் ஆண்டிற் காலமானார். நிறைவைக் காண அவர் இருக்கவில்லை.

இவ்வாராய்ச்சிகள் வெளிப்படுத்திய செய்திகளை வீட்டு வாயிலிலிருந்தே தொடங்கி நோக்குதல் தகும். நியூ யோர்க் நகரத்து வீடுகளின் முன்னே தெருவிலிருந்து கதவுக்கு ஏறும் படிகளும் சிறு மேடையும் 'ஸ்தூப்' எனப்படும். மாலை வேளையில் அயலவர் அப்படிகளில் அமர்ந்து உரையாடுதல் அந்நகரத்து வாழ்க்கையின் ஒரு கூறு. இச்சொல் ஆங்கிலச் சொல்லன்று, ஒல்லாந்தச் சொல். ஆங்கிலேயர் 1664ஆம் ஆண்டிற் கைப்பற்றுமுன் அந்நகரம் ஒல்லாந்தருடைய குடியேற்றமாய் இருந்தது. ஆட்சி மாறியது, ஊரின் பெயரும் மாறியது, வாசற்படியின் பெயர் மட்டும் மாறவில்லை. அதே ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்டபோது இங்கும் அச்சொல்லை விட்டுச் சென்றனர். வீட்டு முன்விறாந்தையைக் குறிக்கும் 'இஸ்தோப்புவ' என்னும் சிங்களச் சொல் அதன் வழிவந்ததாகும். பல்லாயிரம் மைல் இடைவெளியில் உள்ள இரு நாட்டார், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே சொல்லைத் தம் வாசலிற் பேணி வருகின்றனர்.

'வெராண்டா' என்னும் சொல்லும் இத்தகையதே. யாழ்ப்பாணத்தார் விறாந்தை என வழங்கும் சொல்லும் அமெரிக்கர் வெராண்டா என வழங்கும் சொல்லும் உடன்பிறந்தவை. போர்த்துக்கேயர் வழங்கிய அச்சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்து, பின்னர் அத்திலாந்திக் கடலையுந் தாண்டியது.

'பியாஸா' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. இத்தாலிய மொழியில் அச்சொல் நகரின் நடுவேயுள்ள திறந்த சதுக்கத்தைக் குறிக்கும். இனிகோ யோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1630ஆம் ஆண்டுகளில் இலண்டனிலே கொவென்ற் கார்டின் என்னுமிடத்தில் அத்தகைய சதுக்கம் ஒன்றை அமைத்து, அதனைச் சுற்றி வளைவுகளோடு கூடிய நடைக்கூடங்களையும் கட்டுவித்தார். இலண்டன் மக்கள் சதுக்கத்தின் பெயரை நடைக்கூடத்தின் பெயராகக் கருதிக்கொண்டனர். அந்தத் தவறான பொருளோடேயே சொல் கப்பலேறி நியூ இங்கிலாந்துக்கும் சார்ள்ஸ்ரனுக்கும் சென்றது. சார்ள்ஸ்ரனிலே ஓர் அறை அகலமே கொண்ட நீண்ட வீடுகள் தம் ஒடுங்கிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்கின்றன. பக்கவாட்டிலே மாடிக்கு மாடி நீண்ட பியாஸா அமைந்துள்ளது. தெருக்கதவைத் திறந்தால் முதலிற் புகுவது வீட்டினுள் அன்று, பியாஸாவினுள்ளேயே. கடற்காற்றை வாங்குதற்கும் வெயிலை மறைத்தற்கும் பொருந்த அது பெரும்பாலும் தெற்கு அல்லது மேற்கு நோக்கியிருக்கும். இத்தாலியன் கேட்டாற் பிழை என்பான். ஆயின் பல தலைமுறையாக அங்கு வாழ்வோர்க்கு அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. சொல்லின் பிறப்பு பிழையாயினும் அதன் வாழ்வு பிழையன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

லூசியானாவின் 'கலரி' பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது. நியூ மெக்சிக்கோவின் போர்த்தால் ஸ்பானியர் கொணர்ந்தது. அங்குள்ள பழைய மண்கல் வீடுகளில் முற்றத்துக்குச் செல்லும் மூடிய வழியைச் 'சகுவான்' என்பர். அது ஸ்பானியருக்கு அராபியர் வழங்கிய சொல். விருந்தினரை வரவேற்கும் பெரிய அறை 'சாலா' எனப்பட்டது. ஹவாயின் லனாய் அத்தீவுகளின் ஆதிக்குடிகளது மொழிக்குரியது. எனவே, ஒரு வீட்டின் முன்புறத்தை மாத்திரம் நோக்கினாலும் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், பொலினீசியர் ஆகிய பலரின் அடிச்சுவடுகளைக் காணலாம்.

வாயிலைக் கடந்தால் வருவது வீட்டின் சிறந்த அறை. இதன் பெயரும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. பழைய நியூ இங்கிலாந்து வீடுகளில் அடுப்பங்கரையை ஒட்டிக் குடும்பத்தார் நாள் முழுதும் கூடியிருந்த அறை 'கீப்பிங் றூம்' எனப்பட்டது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த குடியேறிகள் கொணர்ந்த வழக்கு அது. தெற்கு அப்பலாச்சிய மலைவாழ் மக்கள் தம் வீட்டின் தலையாய அறையை 'பெரிய வீடு' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். முதலில் ஓரறையே வீடாக இருந்து, பின்னர் வேறறைகள் சேர்க்கப்பட்டபோது பழைய அறை வீடு என்னும் பெயரை விடாது வைத்துக்கொண்டது. சிக்காகோ நகரத் தொழிலாளர் குடும்பங்களில் தெருவை நோக்கிய அறை 'முன்னறை' எனப்பட்டது. 'பிரண்ட் றூம்' என்னும் இரு சொற்களும் விரைவுப் பேச்சில் இணைந்து 'பிரஞ்ச்றூம்' என ஒரு சொல்லாகிவிட்டன.

பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜெர்மானியரின் வீட்டமைப்பே வேறு. கதவைத் திறந்தவுடன் சமையலறை எதிர்ப்படும். அதற்கு அப்பால் 'ஷ்டூபே' என்னும் அறை. அதனைச் சூடாக்கும் இரும்பு அடுப்புக்குச் சமையலறைப் பக்கத்திலிருந்தே விறகு இடப்பட்டமையால் அவ்வறையிற் புகை இருக்காது. உணவும் செபமும் விருந்தும் அங்கேயே நிகழ்ந்தன. ஆங்கிலேயர் தம் அயலவரின் ஷ்டூபேயைப் பார்லர் என மொழிபெயர்த்தனராயினும் இரண்டும் ஒன்றல்ல. பார்லர் விருந்தினர்க்காகப் பூட்டி வைக்கப்படுவது. ஷ்டூபே வீட்டார் வாழ்வது. பெயர் மாறும்போது பொருளும் சற்று மாறுகின்றது என்பதை இதனால் அறியலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பினரின் வீடுகளில் எல்லாம் 'பார்லர்' என்னும் பெயரே மேலோங்கியது. பேசுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. முன்னாளில் துறவியர் மடங்களிற் பேச்சுக்கென ஒதுக்கிய அறையைக் குறித்தது. அமெரிக்கப் பார்லரில் வீட்டின் சிறந்த கதிரைகளும் கம்பளமும் இசைக்கருவியும் இருந்தன. பிள்ளைகள் அதனுட் செல்லுதற்கு அனுமதி இல்லை. பாதிரியார் வரும்போதும், மணம் பேசும்போதும், வீட்டில் ஒருவர் இறந்தபோதும் அவ்வறை திறக்கப்பட்டது. இறந்தவரின் உடலை அங்கேயே கிடத்தி அயலவர் அஞ்சலி செலுத்தினர். பின்னர் ஈமப்பணியைத் தொழிலாகக் கொண்டோர் அக்கடமையைத் தம்மிடத்துக்கு எடுத்துச் சென்றபோது பார்லர் என்னும் சொல்லையும் உடன் கொண்டு சென்றனர். அந்நாட்டில் ஈமச்சடங்கு நிலையத்துக்குப் 'பியூனரல் பார்லர்' எனப் பெயர் வந்தமை இதனால் ஆகும்.

வீட்டில் எஞ்சிய அறைக்கு 'லிவிங் றூம்', அதாவது வாழும் அறை, என்னும் பெயர் பரவியது. எட்வேட் பொக் என்பவரே இச்சொல்லைப் படைத்தார் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது, அவர் பிறக்குமுன்பே அச்சொல் வழக்கிலிருந்தது. ஆயினும் அதனைப் பரப்பியவருள் அவர் முதன்மையானவர் என்பதில் ஐயமில்லை. ஒல்லாந்திற் பிறந்து சிறுவனாய் அமெரிக்கா சென்ற அவர் 1889 முதல் 1919 வரை பெண்களுக்கான பெரும் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக விளங்கினார். எளிய விலையில் வீட்டு வரைபடங்களைத் தம் வாசகர்க்கு வழங்கத் தொடங்கியபோது, பூட்டி வைக்கும் பார்லர் வீண் என்றும் அவ்விடத்தை வீட்டார் புழங்குதற்குரிய அறையாக்குதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். சிறு வருமானமுடைய குடும்பம் தன் வீட்டின் சிறந்த பகுதியை வேறொருவருக்காக ஏன் மூடி வைத்தல் வேண்டும் என்பதே அவர் வாதம். இங்ஙனம் ஓர் அறையின் பெயர்மாற்றம் ஒரு வாழ்க்கைமுறை மாற்றத்தின் அறிகுறியாயிற்று.

வீட்டின் பின்புறத்துக்குச் சென்றால் வரலாற்றின் வேறொரு முகம் தோன்றும். தெற்கு மாநிலங்களின் பெருந்தோட்ட வீடுகளிற் சமையலறை வீட்டோடு சேர்ந்திருக்கவில்லை. சற்றுத் தள்ளித் தனிக் கட்டடமாக இருந்தது. வெப்பமும் தீயச்சமும் இதற்குரிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை மெய்யே, ஆயின் முழுமையும் அவையல்ல. அங்கே சமைத்தோர் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆபிரிக்க மக்கள். பல இடங்களில் அவர்கள் அச்சமையற் கட்டடத்தின் மேன்மாடத்திலோ ஒரு மூலையிலோ உறங்கினர். எசமானரின் வீட்டையும் பணி செய்வோரின் இடத்தையும் பிரித்து வைக்கும் நோக்கமும் அவ்வமைப்பில் இருந்தது. பென்சில்வேனியாவிலும் மத்திய மேற்கிலும் உள்ள 'கோடைச் சமையலறை' வேறு வகையினது. குடியானவக் குடும்பம் கோடையில் மாத்திரம் தன் அடுப்பை வெளியே கொண்டு செல்லும் ஏற்பாடு அது. பார்வைக்கு இரண்டும் முற்றத்தில் நிற்கும் சிறு கட்டடங்களே. பெயரும் பயனும் அறிந்தாலன்றி அவற்றின் வேறுபாடு புலப்படாது.

ஆபிரிக்க மக்களின் பங்கு துன்பத்தோடு மாத்திரம் முடிந்ததன்று. நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலே ஓரறை அகலத்தில், இடைகழி இன்றி, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் அமைந்த வீடுகள் உள்ளன. முன்கதவில் நின்று சுட்டால் குண்டு எல்லா அறைகளையும் கடந்து பின்கதவால் வெளியேறும் எனக் கூறி, அவற்றைத் துப்பாக்கி வீடு என்னும் பொருள்பட 'ஷொட்கன்' வீடு என்பர். 1809, 1810ஆம் ஆண்டுகளில் ஹெயிட்டியைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான அகதிகள் கியூபா வழியாக அந்நகரை அடைந்தனர். இவ்வீட்டு வடிவம் ஹெயிட்டியினூடாக மேற்கு ஆபிரிக்கா வரை செல்லும் மரபினது என்று யோன் மைக்கல் விளாக் என்னும் ஆராய்ச்சியாளர் 1970ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். ஏழையின் வீடு எனப் பலர் புறக்கணித்த ஒன்று கடல் கடந்து வந்த கட்டடக் கலையின் சின்னம் என்பது அதன்பின் உணரப்பட்டது.

பெயர்களை வகுப்பதில் தரைக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள பங்கும் பெரிது. வடக்கே குளிர்காலத்தில் நிலம் ஆழமாக உறைகின்றது. உறைந்த மண் விரிந்து வீட்டை மேலே தள்ளாதிருக்க அத்திவாரம் உறைமட்டத்துக்குக் கீழே செல்லுதல் வேண்டும். மினசோட்டா மாநிலத்தின் கட்டட விதிகள் இடத்துக்கேற்ப மூன்றரை அடி முதல் ஐந்து அடி வரை ஆழத்தை வேண்டுகின்றன. அவ்வளவு தோண்டியபின் இன்னும் சிறிது தோண்டினால் நிலக்கீழ் அறை கிடைத்துவிடும். ஆதலின் வடக்கில் 'பேஸ்மென்ற்' இல்லாத வீடு அரிது. பிள்ளைகள் விளையாடும் 'ரெக் றூம்' அங்கே நிலத்தின் கீழ் உள்ளது. புளோரிடாவிலோ சில அடி தோண்டியதும் நீர் ஊறும். அங்கே அவ்வறைக்கு இடமில்லை. ஒக்லஹோமா முதலிய சமவெளி மாநிலங்களில் சுழற்காற்றுக்கு அஞ்சி வீட்டுக்கு வெளியே நிலவறை அமைப்பர். புயலறை எனப் பொருள்படும் பெயர் ஒருபுறமிருக்க, பேச்சு வழக்கில் அதனை 'அச்சப் பொந்து' எனக் கேலியாக அழைப்பதும் உண்டு.

குளிர் மிகுந்த அலாஸ்காவில் வீட்டுக்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் இடையே ஒரு சிறு அறை விடப்படும். ஒரு கதவை மூடியபின்னரே மற்றதைத் திறப்பர். அதனாற் குளிர்காற்று வீட்டினுட் பாயாது. அதனை அங்குள்ளோர் 'ஆர்க்ரிக் நுழைவு' என்பர். பனியும் சேறும் படிந்த சப்பாத்துகளைக் கழற்றிவைக்கும் அறையை நியூ இங்கிலாந்திலும் பிற வடபகுதிகளிலும் சேற்றறை எனப் பொருள்படும் 'மட் றூம்' என்பர். வெயில் மிகுந்த தெற்கில் யன்னல்கள் நிறைந்த அறைகளுக்கு மாநிலப் பெயர்களே வழங்குகின்றன. புளோரிடாவில் அது 'புளோரிடா றூம்'. கரோலைனாக்களிற் 'கரோலைனா றூம்'. அரிசோனாவில் 'அரிசோனா றூம்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காசநோய்க்குத் தூய காற்றே மருந்தெனக் கருதப்பட்டமையால் உறங்குதற்கென வலையடித்த 'ஸ்லீப்பிங் போர்ச்' பல வீடுகளில் அமைக்கப்பட்டது. பின்னர் நோய்க்கு மருந்து வந்தது. வெப்பத்துக்குக் குளிரூட்டும் இயந்திரம் வந்தது. அவ்வறை தேவையற்றதாகிச் சொல்லும் அருகியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் ஜோர்ஜ் நெல்சன், ஹென்றி றைற் என்னும் இருவர் எதிர்கால வீடு பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதிற் குடும்பத்தார் யாவரும் கூடிக் களிக்கும் புதிய அறை ஒன்றை விவரித்து, அதனைப் பெயரில்லாத அறை என்றே குறிப்பிட்டனர். சில ஆண்டுகளுள் 'பமிலி றூம்' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. தொலைக்காட்சிப் பெட்டி அங்கே இடம்பெற்றது. இங்கு ஒரு வேடிக்கை உண்டு. பார்லரை அகற்றி வாழும் அறையைப் படைத்த மக்கள், அந்த வாழும் அறையையே விருந்தினர்க்கென ஒதுக்கிவிட்டு வேறோர் அறைக்கு வாழச் சென்றனர். பழைய வேலைப்பகுப்பு புதிய பெயர்களின் கீழ் மீண்டும் வந்தது.

போருக்குப் பின் ஒரே வரைபடத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டும் நிறுவனங்கள் பெருகின. வீடு விற்போரின் விளம்பரச் சொற்கள் நாடெங்கும் பரவின. மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். ஆதலின் அறைப்பெயர்களின் பிரதேச வேறுபாடு முன்னிருந்த அளவில் இன்று இல்லை. கீப்பிங் றூம் என்னும் பழஞ்சொல்லை ஜோர்ஜியா மாநிலத்துக் கட்டடக்காரர் மீட்டெடுத்துப் புதுவீடுகளின் சமையலறையை அடுத்த இடத்துக்கு இட்டுள்ளனர். ஆயினும் அது நியூ இங்கிலாந்துக் கணப்படுப்பின் அருகே கூடியிருந்த குடும்பத்தின் அறையன்று. அதன் பெயர் மாத்திரமே.

சொற்கள் தாமாக மாறுவதோடு மக்கள் அவற்றை எண்ணிப் பார்த்து மாற்றுவதும் உண்டு. வீட்டின் தலைமைப் படுக்கையறையை எசமானரின் அறை எனப் பொருள்படும் 'மாஸ்ரர் பெட்றூம்' என்னும் பெயரால் விற்பனைப் பட்டியல்கள் இருபதாம் நூற்றாண்டில் வழங்கி வந்தன. 2020ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகர வீட்டு விற்பனையாளர் சங்கம் தன் பட்டியல்களில் அதனை 'முதன்மைப் படுக்கையறை' என மாற்றியது. அச்சொல் அடிமைமுறைக் காலத்திற் பிறந்ததன்று எனச் சிலர் எடுத்துரைத்தனர். பிறப்பு எதுவாயினும் கேட்போர் செவியில் அஃது எதனை நினைவூட்டுகின்றது என்பதே கருதற்பாலது என ஏனையோர் கூறினர். வீட்டுச் சொற்கள் அற்பமானவை என எண்ணுவோர் இவ்வாதத்தைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். ஸ்தூப், பியாஸா, கலரி, லனாய் என்பவற்றுள் எது சரி என்னும் வினாவே பொருத்தமற்றது. ஒவ்வொன்றும் தன் ஊரிற் சரியானது. ஒவ்வொன்றும் அவ்வூரின் வரலாற்றுக்கு ஒரு சாட்சி. பொதுமொழி ஒன்று நாட்டுக்கு வேண்டியதே. அதனைக் கற்பித்தல் பள்ளியின் கடமையே. ஆயின் பொதுமொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் பிள்ளை வீட்டிலிருந்து கொணரும் சொல்லைப் பிழையெனக் கோடிட்டு அழித்தல் அறிவுடைமை ஆகாது. அவ்வாறு அழித்தால் பிள்ளை தன் சொல்லையிட்டு நாணும். நாளடைவில் அச்சொல்லை வழங்கிய பாட்டனையும் பாட்டியையும் பற்றி நாணும். குராத்தும் கசிடியும் சென்றது கல்விமான்களின் மாளிகைகளுக்கு மாத்திரம் அன்று; குடியானவர் வாசலுக்கும் தொழிலாளர் வாசலுக்கும் சென்றனர். அங்கிருந்த முதியோரிடம் மாணவரைப் போல் அமர்ந்து, உங்கள் வீட்டில் இதனை எவ்வாறு அழைப்பீர்கள் எனக் கேட்டனர். கேட்கத் தாமதித்திருப்பின் அச்சொற்களுட் பல எழுத்தில் ஏறாமலே மறைந்திருக்கும். அவர்கள் கேட்ட அவ்வினா எந்நாட்டு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் கேட்கத்தக்கது. அதற்கு வேண்டிய கருவி ஒரு குறிப்பேடும் பொறுமையுமே.